கூடையில் ஏறிய பற்றறி

கிருசாந்தினிக்கு நாற்பத்தொரு வயது. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு "நேரம் கிடைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். பலெர்மோத் தமிழ்ச் சனம் பல வருசமாக அவளைப் பற்றி இந்த ஒன்றையே மென்றுகொண்டிருந்தது. போன வருசம் அவள் மோட்டார் சைக்கிள் வாங்கினாள். சனத்தின் வாய்க்குப் புது வேலை வந்தது.

ஸ்கூட்டர் என்றால் ஒருவரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். இந்த ஊரில் ஸ்கூட்டர் செருப்பு மாதிரி, எல்லா வாசலிலும் ஒன்று கிடக்கும். இவள் வாங்கியதோ கியர் போட்டு ஓடும் சிவப்பு மோட்டார் சைக்கிள். பழையதுதான், ஆனால் சத்தத்தில் குறைவில்லை. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பின்னுக்குப் பிள்ளைகளையும் முன்னுக்கு அரிசி மூட்டையையும் வைத்துக்கொண்டு பறக்கிறார்கள், அங்கே ஒருவருக்கும் நோவதில்லை. கடல் கடந்து இத்தாலிக்கு வந்த பிறகுதான் சிலருக்கு நெஞ்சு நோகத் தொடங்குகிறது. அந்தச் சிலரில் முதல் ஆள் கோபாலசிங்கம், அவளுடைய அக்கா புனிதமலரின் புருசன்.

மூவரும் பலெர்மோவின் கபோப் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். சந்தைக்குப் பக்கத்து ஒடுக்கமான தெரு, மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. கோபாலசிங்கம் கெட்ட மனுசன் இல்லை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். மிஞ்சிய நேரத்தில் ஊர்ச் சனத்தின் பழுதான மின்விசிறி, அயன்பெட்டி எல்லாம் திருத்திக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். ஆனால் உலகத்தில் தனக்குத் தெரியாத வயர் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. இந்தக் கதையின் தலைவலி முழுக்க அந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது.

கிருசாந்தினிக்கு மோட்டார் சைக்கிள் விளையாட்டுச் சாமான் இல்லை. நகருக்கு வெளியே சியாகுல்லியில், மந்தரின் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. சிஞ்ஞோராவின் மகள் லொரெடானா விடிய வேலைக்குப் போகிறவள். அவள் காரை எடுக்குமுன் கிருசாந்தினி அங்கே நிற்க வேண்டும். கிழவியால் தனியே கட்டிலை விட்டு இறங்க முடியாது. பஸ்ஸை நம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரலாம்.

வருசக்கணக்காக மாடிப்படி கழுவி முழங்கால் தேய்ந்தவளுக்கு அந்த வேலை பெரிய ஆறுதல். அதைவிடப் பெரிய ஆறுதல் அங்கே போகும் பாதை. ஒரேத்தோ வீதி தாண்டி, வீடுகள் ஐதாகி, பழ வாசம் ஹெல்மெட்டுக்குள் ஏறும் இடம் வந்ததும் அவள் தமிழில் உரக்கப் பாடத் தொடங்குவாள். குரல் நல்லதில்லை. நல்லதில்லை என்று சொல்ல அங்கே ஆளும் இல்லை. வீட்டில் அக்காவின் சாமி அறை, அத்தானின் டிவி, வேலையில் சிஞ்ஞோராவின் கட்டில். அந்தத் துண்டுப் பாதை மட்டும் முழுக்க முழுக்க அவளுடையது.

ஆனால் மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகம் அவளுடையதாக இருக்கவில்லை. வாங்கிய நேரம் அவளுடைய பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அட்டையை, புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். "இப்போதைக்கு என்ரை பேரிலை பதிவம், பிறகு மாத்தலாம்" என்றார் அத்தான். அட்டை வந்து எத்தனையோ மாதம். புத்தகம் மாறவில்லை. கேட்கும்போதெல்லாம் அவருக்கு வேறு ஏதோ அவசரம் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் சியாகுல்லிப் பாதையில் சறுக்கி விழுந்தாள். மந்தரின் மரத்தடிச் சேற்றில் இருந்தபடி தன்னைத் தானே தடவிப் பார்த்தாள், ஒரு கீறலும் இல்லை. வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். புனிதமலர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வெறுங்காலோடு பெல்லெகிரீனோ மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவிடம் நேர்த்திக்கடன் வைத்துவிட்டு வந்தாள். பிள்ளையாரைக் கும்பிடுகிற புனிதமலருக்கு மலையில் இருக்கிற அம்மாவும் ஒரு அம்மாதான். தங்கச்சியின் மோட்டார் சைக்கிளில் அம்மாவின் படம் இருக்கும், அதன் முன்னால் ஒரு விளக்கு அணையாமல் எரியும். இதுதான் நேர்த்தி.

அணையாத விளக்கு என்றால் அத்தானுக்குக் கை துறுதுறுத்தது. சாமி அறையில் எரியும் சிவப்புக் குண்டு பல்ப் போல ஒரு சின்னப் பல்ப் தேடிப் பிடித்தார். வண்டியின் சாவித் திறப்பைக் கழற்றினாலும் விளக்கு எரிய வேண்டுமே! பல்பின் வயரை நேராகப் பற்றறியில் கொழுவினார். கிருசாந்தினி தன் பழைய போன் பாதையில் செத்துப்போகிறது என்று சொன்னதும், ஒரு யூ.எஸ்.பி பிளக்கையும் வாங்கி வந்து அதே இடத்தில் கொழுவினார். பற்றறியில் எவ்வளவு மின் இருக்கிறது என்று நீல நிறத்தில் இலக்கம் காட்டும் பிளக் அது. படம், விளக்கு, நீல இலக்கம் மூன்றும் சேர்ந்து பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது. கிருசாந்தினியும் சந்தோசப்பட்டாள் என்பதை மறைக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமை நோய் வந்தது.

கிழமை நாட்களில் ஒரு குறையும் இல்லை. சனி, ஞாயிறு உள்முற்றத்தில் நின்றுவிட்டுத் திங்கள் காலை பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலால் உதைத்துக் கிளப்பும் வசதி இல்லாத வண்டி. அவள் அதைத் தெருவுக்கு உருட்டி, மீன்கடைப் பெடியன்களைக் கெஞ்சித் தள்ளுவித்து, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேரும்போது லொரெடானா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

"உன்னைப் போலை உன்ரை மோட்டச்சைக்கிளுக்கும் காலமை எழும்பப் பஞ்சிதான்" என்றார் அத்தான். "பொம்பிளையள் மெல்ல மெல்ல உருட்டினால் பற்றறி எப்பிடி ஏறும்?"

பிறகு தன் வைத்தியத்தைத் தொடங்கினார். யாரோ ஒருவருடைய லொறி சார்ஜரை, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெட்டியை, கடன் வாங்கி வந்து சமையலறையில் வைத்துக் கொழுவினார். காலையில் வீடு முழுக்க அழுகின முட்டை நாற்றம். பற்றறி ஊதிப் பொங்கிக் கிடந்தது. நாற்றம் மாடிப்படி வழியே இறங்கி, முதலாம் மாடியில் இருக்கும் சிஞ்ஞோரா பினாவின் கோப்பிக்குள் போனது. சிஞ்ஞோரா பினா படியில் நின்று கட்டடமே கேட்கச் சொன்னாள், இனி இந்தப் படியால் ஒரு பற்றறியும் ஏறக் கூடாது என்று.

"மலிவுப் பற்றறி" என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார். கிருசாந்தினி புதுப் பற்றறி வாங்கினாள். அத்தானே அதைப் பட்டப்பகலில் பூட்டினார். அடுத்த திங்கள் மறுபடியும் 'டிக்'.

அன்றைக்கு லொரெடானா கத்தவில்லை, அமைதியாகக் கதைத்தாள், அதுதான் பயமாக இருந்தது. "கிருசா, அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கும். ஆனால் வருகிற திங்களும் பிந்தினால் நான் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்."

வியாழன் இரவுச் சாப்பாட்டில் அத்தான் தொண்டையைச் செருமினார். "உந்தப் பழசைக் குடுத்திடுவம். மன்னார்ப் பெடியன் றோபேட் ஒண்டு தேடித் திரியிறான். அவன் ஆம்பிளை, தள்ளிக் கிள்ளி எப்பிடியும் ஓடுவான். திங்கள் காலமை வந்து பாக்கச் சொல்லியிருக்கிறன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"புத்தகம் என்ரை பேரிலையெல்லே இருக்கு."

கிருசாந்தினி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். கோபத்தில் அவளுக்குக் குரல் உயராது, தணியும். "சரி அத்தான். திங்கள் காலமை றோபேட் வரட்டும். அவனுக்கு முன்னாலை பட்டனை அமத்துவன். ஸ்ராட் வராட்டி அவன் கொண்டுபோகட்டும், நான் வாய் திறக்க மாட்டன். ஸ்ராட் வந்தால் அந்தக் கிழமையே புத்தகம் என்ரை பேருக்கு மாறவேணும். ஓமோ இல்லையோ?"

அத்தான் மீசைக்குள் சிரித்தார். "ஓம்" என்றார். புனிதமலர் இருவருக்கும் நடுவில் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து வரும் வழியில், ஒரேத்தோவில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை ஒன்றில் நிறுத்தினாள். சார்ஜர் என்றதும் கடைக்காரன் முதலில் கேட்டது, "ஈயமா, லித்தியமா?" அவள் பற்றறியின் படத்தைப் போனில் காட்டினாள். ஈயம். லித்தியத்துக்கு உரிய சார்ஜர் வேறு, மாற்றிக் கொழுவினால் இரண்டும் கெட்டுப்போகும் என்றான்.

"காருக்கும் சேர்த்தா?"

"கார் இல்லை."

அவன் பெரிய பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை எடுத்தான். இவ்வளவு சின்னப் பற்றறிக்கு மெல்ல மெல்லத்தான் ஊட்ட வேண்டும், அவசரப்பட்டால் கொதித்துவிடும் என்றான். கிருசாந்தினிக்கு அழுகின முட்டை மணம் மூக்கில் வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் மலிவாக ஒன்று இருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். மலிவானது நிறைந்தாலும் ஊட்டிக்கொண்டே இருக்கும், மற்றது நிறைந்ததும் பச்சை விளக்குக் காட்டித் தானாக அடங்கும்.

"அடங்கிறது தாருங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு இத்தாலியனில் சொன்னாள். வீட்டில் அடங்காதவர்கள் போதும் என்பது அவள் நினைப்பு.

உள்முற்றத்தில் பிளக் கிடையாது. பற்றறியை மேலே கொண்டுபோக வேண்டும். படியிலோ சிஞ்ஞோரா பினாவின் சட்டம். பலெர்மோவின் பழைய தெருக்களில் வயதானவர்கள் பல்கணியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவார்கள், கீழே பேக்கரிக்காரன் பாணை வைப்பான், மேலே இழுப்பார்கள். புனிதமலரும் அதைப் பழகியிருந்தாள். உள்முற்றத்துப் பக்கப் பல்கணியில் அவளுடைய கூடை எப்போதும் தொங்கும்.

கிருசாந்தினி கறுப்பு வயரை முதலில் கழற்றினாள், பிறகு சிவப்பை. பற்றறியைப் பழைய துவாயில் சுற்றி, இறக்கிவிட்டிருந்த கூடையில் வைத்தாள். மேலே ஓடி, பல்கணிக் கம்பியில் காலை முண்டுகொடுத்துக் கயிற்றை இழுத்தாள். பற்றறி ஆடி ஆடி ஏறியது. முதலாம் மாடி யன்னலுக்கு நேரே அது வந்தபோது சிஞ்ஞோரா பினா தலையை நீட்டினாள்.

"அது என்ன?"

"பற்றறி, சிஞ்ஞோரா!"

"நான் சொன்னேனே!"

"படியிலே ஏறக் கூடாது என்றுதானே சொன்னீர்கள்!"

சிஞ்ஞோரா பினா சிரித்துவிட்டாள். சின்ன சார்ஜர் பல்கணியில் காற்றுப்படும் மூலையில் இரவு முழுக்க மூச்சுக்காட்டாமல் வேலை செய்தது. நாற்றம் இல்லை. சனி காலையில் பச்சை விளக்கு எரிந்தது.

பற்றறியைக் கூடையில் இறக்கினாள். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே உள்முற்றம் இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. வண்டியை அடையாளம் காணவே சிரமப்பட்டாள், அப்போதுதான் அம்மாவின் விளக்கு இல்லாத குறை உறைத்தது. பற்றறி மேலே போனதோடு விளக்கும் அணைந்திருந்தது. சிவப்பு வயரைப் பூட்டினாள். கறுப்பு வயரைத் தொட்டதுதான் தாமதம், விளக்கு பளிச்சென்று எரிந்தது, நீல இலக்கமும் முழித்துக்கொண்டது. வண்டியின் திறப்பு அவளுடைய சட்டைப் பைக்குள் இருந்தது.

அவள் அப்படியே குந்தியிருந்தாள். இந்த விளக்கை எத்தனை தரம் பார்த்திருக்கிறாள்! எரிவதற்கு ஏதாவது தின்ன வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லையே. குளிர்ந்த காலையில் பல்பின் கண்ணாடியைத் தொட்டாள். கொஞ்ச நேரத்திலேயே அது சுடத் தொடங்கியிருந்தது. வண்டி ஓடும் நாட்களில் விளக்குக் குடித்ததை இஞ்சினே திருப்பி நிரப்பிவிடும். சனியும் ஞாயிறும் ஓட்டம் இல்லை, ஆனால் குடி மட்டும் நிற்கவில்லை. அவளுடைய வேலையையும் பாதையையும் இந்தத் திருவிழா சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தது. "நாசமாப் போக" என்று வாய் விட்டே சொன்னாள். பிறகு படத்தைப் பார்த்து, "உங்களையில்லை அம்மா" என்றாள்.

விளக்கின் வயரையும் யூ.எஸ்.பியின் வயரையும் பற்றறியிலிருந்து கழற்றினாள். போனில் வீடியோ பார்த்து, திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் வரும் வயரைத் தேடிக் கண்டுபிடித்து, நடுவில் ஒரு பியூஸ் வைத்து, விளக்கையும் யூ.எஸ்.பியையும் அதில் கொழுவினாள். கையெல்லாம் கறுப்பு, விரலில் ஒரு வெட்டு, மத்தியானம் ஆகிவிட்டது. திறப்பைத் திருப்பினாள், எரிந்தது. கழற்றினாள், அணைந்தது.

மேலே பல்கணியிலிருந்து புனிதமலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படியால் இறங்கி ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"விளக்கை என்னடி செய்தனீ?"

"அதுதானக்கா பற்றறியைக் குடிச்சது. இனி நான் ஓடேக்கை எரியும்."

"அணையாத விளக்கு எண்டு நேர்ந்தனான்! மலையேறி, கால் வெடிச்சு, உனக்காகத்தானே நேர்ந்தனான்!"

"எனக்காக எண்டால் என்னத்துக்கு? நான் விழக் கூடாது எண்டுதானே? இஞ்சை நிக்கிற மோட்டச்சைக்கிளிலையிருந்து நான் விழுவனோ?"

"சாமியோடை நியாயம் கதைக்காதை."

"கதைப்பன்" என்றாள் கிருசாந்தினி. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "ஊரிலை கோயிலிலை பள்ளியறைப் பூசை முடிஞ்சால் என்ன செய்யினம்? சாமியை ஊஞ்சலிலை வைச்சுத் தாலாட்டிப் போட்டுக் கதவைச் சாத்தினமெல்லே? பெரிய பெரிய சாமியே நித்திரை கொள்ளுது. இந்த அம்மாவை மட்டும் ஏன் இரவிரவா முழிக்க வைக்கிறாய்? பாவமில்லையோ அவ?"

புனிதமலர் தங்கச்சியின் விரலில் இருந்த இரத்தத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், திரும்பிப் படியேறிப் போனாள். அன்று முழுக்கவும் ஞாயிறு முழுக்கவும் அவள் கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது. கிருசாந்தினிக்கு அத்தானின் சிரிப்பைவிட அந்த மௌனம்தான் அதிகம் வலித்தது. ஆனாலும் அவள் கீழே போய் வயரை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அக்கா கதைத்திருப்பாள், பாதை போயிருக்கும். அக்கா ஒருநாள் கதைப்பாள், போன பாதை திரும்பி வராது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

திங்கள் காலை றோபேட் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். நல்ல பெடியன், கூச்சப்பட்டுக்கொண்டு நின்றான். அத்தான் வேலைக்குப் போகும் உடுப்போடு இறங்கி வந்து சுவரில் சாய்ந்தார். மேலே பல்கணியில் புனிதமலர் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முதலாம் மாடி யன்னலும் திறந்தது.

கிருசாந்தினி திறப்பைப் போட்டுத் திருப்பினாள். விளக்கு எரிந்தது. நீல இலக்கம் வந்தது. பட்டனை இறுக்கி அமத்தினாள்.

வண்டி ஒரு தரம் இருமவும் இல்லை. உள்முற்றம் முழுக்க அதிர்ந்தது. யன்னலில் சிஞ்ஞோரா பினா கை தட்டினாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"ஒருநாள் வரும்தானே" என்றார் அத்தான், சத்தத்துக்கு மேலால். "வாற திங்கள் பாப்பம்."

"வாற திங்களும் வாங்கோ அத்தான். றோபேட்டையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுக்கடுத்த திங்களும் வாங்கோ, கதிரை போட்டுத் தாறன். ஆனால் புத்தகம் இந்தக் கிழமை மாறவேணும், ஓம் எண்டனீங்கள்." அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "ஒரு சின்னச் சார்ஜராலை ஏத்தின பற்றறி இது. இதைச் சாகடிச்சது என்ரை ஓட்டமில்லை. நீங்கள் நேராக் கொழுவின வயர். இரவு பகலாக் குடிச்சுக்கொண்டிருந்தது."

அத்தானின் கண் வயரைத் தேடிப் போனது. குனிந்து பார்த்தார். தெரியாத வயர் இல்லாத மனுசன், பார்த்த கணத்திலேயே விளங்கிக்கொண்டார். முகம் கறுத்தது. "நீதானே யூ.எஸ்.பி கேட்டனீ" என்றார், சத்தமில்லாமல்.

"கேட்டனான். குடிக்கக் கேக்கேல்லை."

றோபேட் ஒரு அடி முன்னால் வந்தான். "அக்கா, எனக்கு உந்த மோட்டச்சைக்கிள் வேண்டாம். அந்தச் சின்னச் சார்ஜர் எங்கை வாங்கினனீங்கள்?"

"ஒரேத்தோவிலை. அடங்கிறது எண்டு கேட்டு வாங்கு" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டாள். லொரெடானா காரைத் திறக்கும்போது கிருசாந்தினி அவளுக்கு முன்னால் நின்றாள். வழியில் பாடினாள் என்பதையும் சொல்ல வேண்டும், வழக்கத்தைவிடக் கேவலமாக.

பின்னேரம், வெளிச்சம் சுவர்களின் உச்சியில் மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில் திரும்பி வந்தாள். வண்டியை வழக்கமான மூலையில் நிறுத்திக் கையைத் திறப்பில் வைத்தாள். மேலே புனிதமலர் நின்றாள். காலையிலிருந்து அங்கேயே நின்றவள் போல இருந்தது. கிருசாந்தினி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. விளக்கை எரிய விட்டுவிட்டுப் போகும் எண்ணமும் இல்லை.

"பொறடி" என்றாள் புனிதமலர், மூன்றாம் மாடியிலிருந்து. இரண்டு நாளில் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

கண்ணை மூடி, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, கீழே எரிந்த அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சத்தை நோக்கிக் கும்பிட்டாள். அவசரப்படாமல் கும்பிட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி" என்றாள். "இப்ப அவவை நித்திரையாக்கு."

கிருசாந்தினி திறப்பைத் திருப்பினாள்.